முயல்குட்டியின் பதினோரு வரிகள்

சிறுவர் கதைகள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து தங்கள் நீதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். லாரிக்கு எப்.சி. காட்டுவது மாதிரிதான். தேதி தாண்டிய கதையை யாரும் எந்தக் குழந்தைக்கும் சொல்ல முடியாது. சொன்னால் வாய் அசையும், சத்தம் வராது.

நான் இங்கே ஆய்வாளர். பத்தொன்பது வருடமாக இதே நாற்காலி. தாலுகா ஆபீசின் பின்பக்கம், ஜெனரேட்டர் ரூமுக்கு அடுத்த அறை. காலை பத்து மணிக்குப் போனால் நரிகளும் அரசகுமாரிகளும் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். புலிகள் மட்டும் வரிசையில் முந்தப் பார்க்கும். "ஏம்பா, உனக்கு மட்டும் தனி லைனா?" என்று ஒரு அதட்டு அதட்டினால் பேசாமல் போய்க் கடைசியில் நிற்கும்.

ஆய்வு முறை எளிது. கதையை நான் வாய்விட்டுப் படிப்பேன். எந்த வரியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் அந்த வரிக்கு உள்ளே வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போவார்கள். எதிரே ஸ்டூலில் மாதிரிக் குழந்தை உட்கார்ந்து கேட்கும். முடிந்ததும், "இதிலேருந்து என்ன தெரியுது?" என்று கேட்பேன். பதிவேட்டில் இருக்கும் நீதியைக் குழந்தை அப்படியே சொல்லிவிட்டால் முத்திரை. சொல்லாவிட்டால் கதையை மூடிவிடுவோம். மூடிய கதைக்குள் அதற்கப்புறம் யாரும் இருக்க மாட்டார்கள்.

மாதிரிக் குழந்தையின் பெயர் எழில்வாணன். வயது முப்பத்தேழு. அவருடைய அப்பா இந்த ஆபீசில் வேலை பார்க்கும்போதே இறந்துபோனதால், கருணை அடிப்படையில் ஏழு வயதில் இந்த வேலை கிடைத்தது. பணியிடத்தின் பெயரே 'குழந்தை' என்பதால் பதவி உயர்வு கிடையாது. வீட்டிலிருந்து பேண்ட் போட்டுக்கொண்டு வருவார். கையெழுத்துப் போட்டதும் அரைக்கால் சட்டைக்கு மாறி, கழுத்தில் தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். மீசை கூடாது என்று விதியில் எங்கும் இல்லை, ஆகவே வைத்திருக்கிறார். தங்கமான குழந்தை. ஒரு நாளும் அடம் பிடித்ததில்லை.

பழைய கதைகள் மஞ்சள் பையில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வரும். ஒரே பக்கத்துக்குள் நாலு பேரைச் சாகடித்துவிட்டு, "பேராசை கூடாது" என்று கையைத் துடைத்துக்கொள்ளும். கிணற்றில் தள்ளுவது, நாக்கை அறுப்பது எல்லாம் அதுகளுக்குச் சர்வசாதாரணம். புதுக் கதைகள் பிளாஸ்டிக் ஃபோல்டரோடு வரும். அதில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. போன மாதம் ஒரு நீர்யானை வந்தது. கதையில் அதற்கு வருத்தமாக இருக்கிறது. வருத்தமாக இருக்கிறது என்று சொல்கிறது. எல்லோரும் வந்து கட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை, அதற்கு நீதி மட்டும் மூன்று. எழில்வாணன் மூன்றையும் பிசகாமல் சொல்லிவிட்டு என் காதருகே வந்து, "கதை எப்ப மேடம் ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். நான் முத்திரை குத்தினேன். நீர்யானை போகும்போது என்னையும் ஒருமுறை கட்டிக்கொண்டது. பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குழந்தை இறந்துபோகும் கதைகளுக்கு இனிமேல் புதுப்பித்தல் கிடையாது. தேதி முடிந்து வரும் கதையை முழுதாகப் படித்து, இறப்பு நடந்தது உறுதியானதும் மூடிவிட வேண்டும். குழந்தைகள் பயந்து அழுகிறார்கள் என்று காரணம் எழுதியிருந்தார்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளை அழுதால் யாருக்குத்தான் பொறுக்கும்?

சுற்றறிக்கை வந்த மூன்றாம் நாள் முயலம்மா வந்தார்.

அவருடைய கதை இருபது வரி. வளைக்குள் ஒரு முயல்குட்டி அம்மாவோடு இருக்கிறது. மழை எங்கிருந்து வருகிறது என்று அம்மாவிடம் கேட்கிறது. வெளியே போகாதே என்கிறாள் அம்மா. குட்டி அம்மாவின் மடியில் படுத்துக்கொள்கிறது. அம்மா கண்ணயர்ந்ததும் மழை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வெளியே ஓடுகிறது. வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மிச்ச வரிகளில் அம்மா அழுகிறாள். நீதி: பெரியோர் சொல் கேள். என் கையெழுத்தில் மட்டும் மூன்று முறை புதுப்பித்திருக்கிறேன்.

சுற்றறிக்கையை அவரிடம் படித்துக் காட்டினேன். மூக்கு துடிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூடிட்டா முதல் வரியும் இருக்காதா மேடம்?"

"எதுவும் இருக்காதும்மா."

"பதினோரு வரி அவன் என்கூட இருக்கான். அது போதும்னுதான் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஓடி ஓடி வர்றேன். பன்னெண்டாவது வரியில நான் கண்ணசந்துடறேன். எவ்வளவோ பாத்துட்டேன் மேடம், நாக்கைக் கடிச்சுக்கிட்டுக்கூட உக்காந்து பாத்துட்டேன். எழுதியிருக்கே, என்ன பண்றது?"

ஆறாம் நம்பர் படிவத்தை எடுத்து நீட்டினேன். முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குட்டி பிழைத்து வந்ததாக எழுதிக்கொடுத்தால் கதை புதுக் கணக்கில் போய்விடும்.

"அதுவும் பாத்தாச்சு. ஒரு புத்தகக் கம்பெனிக்காரங்க மாத்திப் போட்டாங்க. திரும்பி வந்த பையன், 'அம்மா, இனிமேல் உன் சொல்லைத் தட்ட மாட்டேன்'னு கும்பிட்டு நிக்கறான். ஒரு கேள்வி கேக்கல. யாரு பெத்த பிள்ளையோ! சோறு போட்டு அனுப்பி வச்சேன்."

படிவத்தை மறுபடி மேஜைக்குள் வைத்தேன். அன்றுதான் அவருக்குக் கடைசித் தேதி. நான் படித்தே ஆக வேண்டும். படிக்காவிட்டாலும் ஐந்து மணிக்குக் கதை தானாக மூடிக்கொள்ளும். படிக்கத் தொடங்கிவிட்டால் படித்து முடிக்கும்வரை தேதி நகராது, விதி அப்படி. எப்படிப் பார்த்தாலும் இருபது வரிதான். மெதுவாகப் படித்தால் கால் மணி நேரம்.

பன்னிரண்டாம் வரியின் வெள்ளம் காலையிலேயே வந்து வராந்தாவில் நின்றிருந்தது. செருப்பை வாசலிலேயே விட்டிருந்தது. தரை நனைந்ததற்கு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டது.

முதல் வரியைப் படித்தேன். பீரோவுக்குப் பின்னாலிருந்து குட்டி ஓடி வந்தது. அம்மா மேல் ஒரு தாவு தாவிவிட்டு, நேரே எழில்வாணனிடம் போய் நின்றது.

"டேய் எழிலு, மீசை வச்சுட்டியாடா!"

எழில்வாணன் ஏழு வயதில் முதன்முதலாக இந்தக் கதையைக் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே உயரமாம். அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இவர் மட்டும் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கடைசியில், "பெரியவங்க சொன்னாக் கேக்கணும்" என்று சரியாகச் சொல்லிவிட்டு, குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். இது ஏழாவது முறை. அவருக்கே இப்போது நாலு வயதில் ஒரு பெண் இருக்கிறது.

குட்டி அவருடைய தண்ணீர் பாட்டிலில் ஒரு வாய் குடித்தது. ஐந்தாவது வரியில், "அம்மா, மழை எங்கேருந்து வருது?" என்று கேட்டது. ஆறாவது வரியில் முயலம்மா, "வெளியே போகாதே" என்றார். எழுதியிருப்பது அவ்வளவுதான். ஏழும் எட்டும் ஓடிவிட்டன. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பதினோராவது வரியைப் படித்தேன். குட்டி அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. முயலம்மா அதன் காதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். வராந்தாவில் வெள்ளம் வேட்டியைச் சரிசெய்துகொண்டது.

அப்போது எழில்வாணன் எழுந்து நின்று சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காட்டுவது போலத்தான். அதற்கும் விதி இருக்கிறது. குழந்தை சுண்டுவிரலைக் காட்டினால் எந்த வரியாக இருந்தாலும் படிப்பதை நிறுத்தி அனுப்ப வேண்டும், குழந்தை திரும்பி வரும்வரை அடுத்த வரியைத் தொடக் கூடாது. முப்பது வருடத்தில் அவர் ஒருமுறைகூட விரலைத் தூக்கியதில்லை.

"அவசரமா?" என்றேன்.

"ரொம்ப மேடம்."

"சரி, போயிட்டு வா."

அவர் பேண்டையும் டிபன் பாக்ஸையும் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது குட்டியின் தலையை ஒரு தட்டுத் தட்டினார். ஒண்ணுக்குப் போக டிபன் பாக்ஸ் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதினோராவது வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'ஒண்ணுக்குப் போயிருக்கிறது' என்று எழுதினேன்.

ஐந்து மணிவரை அவர் வரவில்லை. வெள்ளம் உள்ளே எட்டிப் பார்த்து, "மேடம், என் முறை?" என்றது.

"குழந்தை ஒண்ணுக்குப் போயிருக்கு. நாளைக்கு வாங்க."

"சரிங்க மேடம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனது.

மறுநாளும் பத்து மணிக்கு வந்தது. நாளைக்கு வாங்க என்றேன். பத்தொன்பது வருடமாக எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது இப்போதுதான்.

ஒரு கதை பாதியில் நிற்கும்போது இன்னொரு கதையைத் தொடங்கக் கூடாது. ஆகவே மற்றவர்களைப் பக்கத்துத் தாலுகாவுக்கு அனுப்பினேன். புலிகள் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறின. முயலம்மாவும் குட்டியும் பதினோராவது வரியிலேயே, பீரோவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்கள். நான் வீட்டிலிருந்து முருங்கைக்கீரையும் கேரட்டும் கொண்டுபோவேன். முயலம்மா கண்ணயரவே இல்லை. அவர் தூங்குவது அடுத்த வரியில் அல்லவா இருக்கிறது? மடியில் கிடந்தபடி குட்டி என்னைக் கேள்வியாய்க் கேட்டுத் துளைத்தது. முத்திரை ஏன் ஊதா, புலிக்கு ஏன் டோக்கன், ஃபேனுக்குத் தலை சுற்றாதா? தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை, "தெரியலடா கண்ணு" என்றேன்.

மேலிடத்திலிருந்து நிலுவைக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. மாதிரிக் குழந்தை ஒண்ணுக்குச் சென்றுள்ளது, திரும்பியதும் ஆய்வு முடிக்கப்படும் என்று பதில் எழுதினேன். குழந்தை திரும்பியதும் தெரிவிக்கவும் என்று மறுபடி கடிதம் வந்தது. அதைக் கோப்பில் வைத்துக் கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடையில் எழில்வாணனைப் பார்த்தேன். பேண்ட் போட்டிருந்தார். தோளில் அவருடைய பெண் உட்கார்ந்து அவர் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் முடியல மேடம்" என்றார்.

"மெதுவா வா, ஒண்ணும் அவசரம் இல்ல" என்றேன். அவர் கண் நிறைந்துவிட்டது. நான் கத்திரிக்காயைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டேன்.

வெள்ளம் மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்தது. எனக்கே பாவமாகிவிட்டது. வராந்தாவில் எத்தனை மாதம்தான் நிற்கும்? உள்ளே வந்து பெஞ்சில் உட்காரச் சொன்னேன். முயலம்மா குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா. எனக்கு மட்டும் ஆசையா? அந்த வரியில கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி ஓடிப் பாக்கறேன், முடியல" என்றது வெள்ளம்.

குட்டி மடியிலிருந்து தலையை மட்டும் தூக்கியது.

"நீ எங்கேருந்து வர்றே?"

"மலையிலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"மழையா இருந்தேன்."

"மழை எங்கேருந்து வருது?"

முயலம்மா என்னைப் பார்த்தார். நான் பென்சில் கோட்டைப் பார்த்தேன். வெள்ளம் பெஞ்சில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. கடலில் வெயில் அடிப்பதிலிருந்து ஆரம்பித்து, ஆவியாக மேலே போனது, மேகங்களுக்குள் இடம் கிடைக்காமல் நெருக்கியடித்து நின்றது, குளிர்ந்தது, ஒரு மலையின் தலையில் முதல் சொட்டாக விழுந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னது. குட்டி இரண்டு இடத்தில் குறுக்கே கேள்வி கேட்டது. அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னது. சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

"ஓ, அதுவா" என்றது குட்டி. அப்புறம் அம்மாவின் மடியில் தலையை வைத்து, வாசல் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டது.

வெள்ளம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டியது.

"போயிட்டு வாங்க" என்றேன்.

பதிவேட்டை எடுத்து, எழில்வாணனுக்குக் கீழே அதன் பெயரையும் எழுதினேன். செருப்பு இன்னும் வாசலிலேயே கிடக்கிறது.