மூன்று புள்ளிகள்

ஹெட்போனைச் சுருட்டிப் பைக்குள் வைக்கப்போன அதிகாரியின் மணிக்கட்டை ஓட்டுநர் எட்டிப் பிடித்தார்.

"அதை வைங்க. இன்னும் வேலை முடியல."

கூடம் முழுக்க ஆட்கள். நடுவே கட்டிலில், நேற்று சாயங்காலம் கண்ணை மூடிய ஓட்டுநரின் மனைவி கிடந்தாள். அவளைக் கொண்டுபோக வாசலில் வண்டி வந்தாயிற்று. இந்த நேரத்தில் இந்த மனுஷனுக்கு என்ன பிடித்தது என்று, அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவள் ஆபீஸ் அதிகாரி கெட்டவர் இல்லை. காலையில் முதல் ஆளாக வந்து நின்றவர். வந்த கையோடு ஆபீஸ் சாமான்களையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார், அது ஒரு தப்பு. ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று வாயை விட்டது அதைவிடப் பெரிய தப்பு.

"அக்கா கடைசியா வச்ச மூணு புள்ளியையும் எடுத்துட்டோம்ணே. நோவுக்குக் குடுத்த மருந்து காதைக் கெடுத்துடுமாம். பாவம், அவங்க மேல குத்தமில்ல."

எடுத்துட்டாங்களாம்! சதுப்பு நிலத்து மரங்களில் கட்டிவிட்ட கருவிகள் பதிவு செய்து வைக்கும் சத்தங்களைக் கேட்டு, எந்த உயிர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது அவள் உத்தியோகம். ஆபீஸில் அவளுக்குப் பாம்புச்செவி என்றே பட்டம். படுக்கையில் விழுந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை. கட்டைவிரல் நகமளவு தவளை ஒன்று, பதினொரு வருஷமாக ஒழிந்தே போயிற்று என்று எல்லோரும் கைகழுவிய தவளை, மூன்று இடத்தில் கத்துகிறது என்று கண்டுபிடித்தவள் அவள். வரைபடம் நாளை அச்சுக்குப் போகிறது. புள்ளி இல்லாவிட்டால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். சும்மா கிடக்கிற நிலம்தானே என்று கிடங்கு கட்ட மண்ணைக் கொட்டிவிடுவார்கள்.

"ரெண்டாவது ஆள் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும்னு உங்க ஆபீஸ் சட்டம். நீங்க கேட்டீங்களா?"

அதிகாரி பையைக் கீழே வைத்தார். "கம்ப்யூட்டர் கேட்டுச்சுண்ணே. தண்ணி பம்பு பெல்ட் சத்தம்னு சொல்லிடுச்சு."

"அந்த ரோட்டுல இருபத்தாறு வருஷமா பஸ் ஓட்டுறேன். அங்க பம்பும் கிடையாது, பம்பு வைக்க வீடும் கிடையாது. உங்க கம்ப்யூட்டர் எந்த ஸ்டாப்ல இறங்கிப் பாத்துச்சு?"

யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினார்கள். மச்சான் எழுந்து வந்தார். அவளுக்கு அண்ணன், எதற்கும் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்க்கிறவர்.

"மாப்ள, பொணத்தை நடுவீட்டுல வச்சுக்கிட்டுத் தவளைக்குப் பஞ்சாயத்தா? வெளிய வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

"உங்க தங்கச்சியத்தான் காது கேக்காதவன்னு சொல்றாங்க மச்சான். உங்களுக்குக் கோவம் வரலையா? எனக்கு வருது. வயிறு எரியுது."

கட்டில் பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து அதிகாரியின் கையில் திணித்தார்.

மருந்து காதுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றே அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு பதிவையும் ஐந்து வெவ்வேறு நாளில் கேட்டாள். தவளை கத்துவது எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது விநாடி என்று ஒவ்வொரு நாளும் புதுத் தாளில் எழுதினாள். பழைய தாளைப் புருஷனிடம் கொடுத்து, "ஏங்க, இது மேல உக்காந்துக்கோங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க" என்பாள். அவரும் உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் முடியாமல், ஒரே ஒரு தடவை காட்டுங்கள் என்று கெஞ்சினாள். அவர் எழுந்திருக்கவில்லை. கல்நெஞ்சன் என்று திட்டிவிட்டு அழுதாள், அழுதுகொண்டே எழுதினாள். காட்டித் தொலைத்திருக்கலாமே என்று ராத்திரியெல்லாம் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது அதிகாரியின் விரல் தாளுக்குத் தாள் தாவுவதைப் பார்த்தபோது, காட்டாததே நல்லது என்று பட்டது.

ஐந்து தாளிலும் அதே விநாடிகள். ஒன்றிரண்டு இடத்தில்தான் ஒரு விநாடி முன்னே பின்னே.

"செவிட்டுக் காது அஞ்சு நாளும் ஒரே இடத்துலயா சார் தப்பாக் கேக்கும்?"

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு, பைக்குள் போனதையெல்லாம் வெளியே எடுத்தார். ஓட்டுநர் கூடத்தைப் பார்த்து, "யாரும் அழாதீங்க. அஞ்சு நிமிஷம். அப்புறமா எல்லாரும் சேந்து அழலாம்" என்றார்.

மின்விசிறியையும் நிறுத்தினார்கள். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தாளைப் பார்த்தார், மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது தடவை அவர் வாய் தன்னால் எண்ண ஆரம்பித்தது.

"கத்துதுண்ணே," என்றார். "மழைச் சத்தத்துக்கு அடியில கத்துது. நீங்களே கேளுங்க."

ஓட்டுநர் மாட்டிக்கொண்டார். காலுக்குப் பக்கத்தில் எஞ்சினை வைத்துக்கொண்டு காலம் தள்ளிய காது அது. மழை கேட்டது. மழையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதின சங்கு என்று அவள் கேலி பண்ணியது பொய்யே இல்லை.

கழற்றித் திருப்பிக் கொடுத்தார். "எனக்குக் கேக்கல. அவ இருக்குன்னா இருக்கு. போடுங்க கையெழுத்து."

அதிகாரி முதல் பதிவின் தாளில் அவள் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "மத்த ரெண்டு பதிவையும் ஆபீஸ்ல போய்க் கேட்டுக்கறேன். சத்தியமாக் கேக்கறேன். நேரமாகுதில்ல?" என்றார்.

"இங்கயே கேளுங்க. அவ பக்கத்துல உக்காந்து கேளுங்க."

மச்சான் வாயைத் திறப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். "எஞ்சினை நிறுத்துப்பா, உள்ள கேட்டுக்கிட்டிருக்காங்க" என்று அவர் அதட்டியது கூடம் வரைக்கும் கேட்டது.

அதிகாரி இரண்டாவது பதிவை ஓடவிட்டார்.