அமுங்கிய களிமண்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, பொம்மிடிப் பக்கம் ரோசம்மாவின் வீடு தரையில் இறங்கிய கதையைச் சொல்கிறேன்.

ரோசம்மாவுக்கும் தம்பி பிலவேந்திரனுக்கும் பொதுவில் ஒரே போர்க்கிணறு, தம்பி நிலத்தில். ஏரியை ஒட்டிய களிமண் பூமி; பக்கத்திலேயே ரோசம்மாவின் வீடும் அதே மண்மேல்தான். நிலத்தடித் தண்ணீர் வற்றாமலிருக்கக் கோடையில் மோட்டார் போடுவதில்லை, மழைத்தண்ணீரைக் குழி வெட்டி உள்ளே விடுவது என்று மாதா படத்தின் முன்னால் பேசியிருந்தார்கள். தக்காளி காய்ந்தபோதும் ரோசம்மா மோட்டார் கேட்கவில்லை.

ஆனாலும் அவள் வீட்டுச் சுவர் மூலைக்கு மூலை வெடித்தது. வீட்டைக் கட்டிய கொத்தனார் மாதையனை ஊரறியத் திட்டினாள். தம்பியும் பக்கத்தில் நின்று, "ஆமாக்கா, சிமெண்ட்டைக் கொறைச்சிட்டாரு" என்றான்.

மழை பெய்தபின் ஒருநாள், தண்ணீர் டேங்கர் லாரிக்காரன் ஒருவன் அவள் வாசலில் நிறுத்தி வழி கேட்டான்.

"அந்தப் பக்கத்து ரோடு சேறுங்க ஆயா. கோடை பூரா அதுலதான் வந்து உங்க தம்பிகிட்ட தண்ணி புடிச்சோம், தொப்பூர் ஓட்டலுங்களுக்கு."

ரோசம்மா தம்பியிடம் ஓடினாள். அவன் சிரித்தான். "அதான் மழை பேஞ்சு போரு நெம்பிடுச்சேக்கா! இனி சுவரும் சரியாயிடும்."

எங்கே சரியாகும்? களிமண்ணை உள்ளிருக்கும் தண்ணீர்தான் தாங்கும். உறிஞ்சினால் அமுங்கும். பிறகு எவ்வளவு மழை இறங்கினாலும் பழைய உயரத்துக்கு எழாது.

"சுவரு போனாப் போவுதுடா. அந்த மனுசனை நான் திட்டறப்ப கூட நின்னு ஆமாம் போட்டியே!"

அன்றே மாதையன் வீட்டுக்குப் போய் அவர் கையைப் பிடித்து அழுதாள். தம்பி வாசலை அப்புறம் மிதிக்கவில்லை.

உங்கள் வீடு அசையாமல், கூடப் பிறந்தவர்கள் மனசு கோணாமல் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா.