பேர் கூப்பிடுகிற சாயங்காலம்

1962ஆம் வருஷம் பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, நெய்வேலி டவுன்ஷிப் ஏழாவது பிளாக் படிப்பகத்தின் ரேடியோவில் படம் தெரிந்தது. அப்போது அங்கே இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு. ரேடியோப் பெட்டியின் சாவி வைத்திருந்த வெள்ளைச்சாமி, சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரத்தின் ஆபரேட்டர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர், படிப்பகத்தின் ஒரே கை வைத்த நாற்காலியில். ஆபீஸ் டைப்பிஸ்ட் விஜயகுமாரி பத்திரிகை மேசையின் ஓரத்தில். குறிஞ்சிப்பாடியிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவந்து வீடு வீடாக விற்கும் நூருல்லா, துணி மூட்டையை விட்டு வர மனமில்லாமல், ஜன்னலுக்கு வெளியே சைக்கிளும் ஜன்னலுக்கு உள்ளே தலையுமாக. சாலையோர மரக்கன்றுகளுக்குக் குழாய் பிடித்துத் தண்ணீர் விடும் கான்ட்ராக்ட் பெண்களில் இருவர்: முத்தாண்டிக்குப்பத்து விருத்தாம்பாள் தரையில், ரேடியோவுக்கு நேராக, குள்ளஞ்சாவடி அம்சவல்லி, நீளமான குழாய் யாருக்கு என்பதில் விருத்தாம்பாளோடு பேச்சு நின்று போனதால், எதிர்ச் சுவரோரம். மற்றவர்கள் பெஞ்சில்.

படம் தெரிந்தது ரேடியோவின் முன்பக்கத்தில், சத்தம் வரும் இடத்தை மூடியிருந்த துணியில். அளவு ஒரு முழம் இருக்கும். ஒரு பெரிய மண்டபம், அதில் வரிசை வரிசையாக நாற்காலிகள், கோட்டு போட்ட ஆண்கள், தோள் தெரிய உடுத்திய பெண்கள். மேடையில் ஒருவர் உறையைக் கிழித்து ஒரு பேரை வாசித்தார். உடனே கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள், பக்கத்தில் இருந்தவர்களைக் கட்டிக்கொண்டாள், மேடைக்குப் போய் ஒரு பொம்மையை வாங்கிக்கொண்டு அழுதாள். அவள் என்ன பேசினாள் என்று தெரியவில்லை. ஏனென்றால் படம் எங்கிருந்தோ வந்ததே தவிர, சத்தம் வழக்கம்போலத் திருச்சியிலிருந்துதான் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயசைத்த நேரத்தில், விழுப்புரம் சந்தையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை என்ன விலைக்குப் போயிற்று என்பது சொல்லப்பட்டது.

கடலூரிலிருந்து ரேடியோ ரிப்பேர்க்காரர் வரவழைக்கப்பட்டார். அவர் பின்பலகையைக் கழற்றிப் பார்த்து, ஒரு வால்வைத் துடைத்துப் போட்டு, சத்தம் சுத்தமாக இருக்கிறது, படம் வருவது தன் வேலையில் சேராது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பெட்டிக்குள்ளிருந்து அவர் தட்டிக் கொட்டிய ஜிகினாத் துண்டுகளை விருத்தாம்பாள் கூட்டி அள்ளி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தாள்.

அது என்ன விழா என்பதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். முதன்முதலில் படம் தெரிந்த அன்று காலை அவள் ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டு வந்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு நாள் கான்ட்ராக்ட் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துத் தலைமை கிளார்க் ராமலிங்கம் பழுப்பு உறையைப் பிரித்து, பர்மனென்ட் ஆனவர்களின் பேரை வாசிப்பார். பேர் வந்தவர்கள் கையெழுத்துப் போட்டு ஆர்டரை வாங்கிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் குழாயைத் தேடிக்கொண்டு போவார்கள். அன்று விருத்தாம்பாளின் பேர் வரவில்லை. ரேடியோவை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது பர்மனென்ட் ஆர்டர் குடுக்கிற எடங்க” என்றாள். “பாவம், அந்தப் பொண்ணு எத்தினி வருசமா கான்ட்ராக்ட்ல இருந்துதோ, எப்பிடி அழுவுது பாருங்க.”

யாரும் மறுக்கவில்லை. உறை இருந்தது, பேர் வாசிப்பு இருந்தது, வாசிக்கப்படாத பேர்களும் இருந்தன. வேறு என்னவாக இருக்க முடியும்?

அதற்குப் பிறகு அது வருஷா வருஷம் வந்தது. எங்கள் ஊர் ஆபீஸ் ஆர்டர் வாசிக்கும் நாள் எதுவோ அந்த நாள் சாயங்காலம் வந்தது. ஒரு வருஷம் மழை காரணமாக ஆபீஸ் தேதியைத் தள்ளி வைத்தபோது ரேடியோவும் தள்ளி வைத்துக்கொண்டது. அன்று யாரும் இரண்டாவது ஷிப்டுக்குப் போக விரும்பவில்லை. முன்கூட்டியே மாற்றிக்கொள்ள ஆள் தேடினார்கள். நூருல்லா துணிகளுக்கு விளக்கம் சொன்னார். படம் சாம்பலும் வெள்ளையுமாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அவர் நெசவுத் தறிகளுக்கு நடுவில் வளர்ந்தவராதலால், இது மயில்கழுத்து, இது அரக்கு, இது சாயம் போகும் பச்சை என்று நிறம் சொன்னார், அவர் சொன்ன பிறகு அந்த நிறம் தெரியவும் செய்தது. முதுகுப்பக்கம் திறந்த உடுப்புகளைப் பற்றி மட்டும், அளவெடுத்த தையல்காரர் பாதியில் எழுந்து போய்விட்டார் என்று அபிப்பிராயப்பட்டார். வெள்ளைச்சாமி, யார் பேர் வரும் என்பதில் வறுத்த மல்லாட்டையைப் பந்தயம் வைத்து வருஷா வருஷம் தோற்றார்.

ஆனால் கூட்டம் பார்க்க வந்தது ஜெயித்தவர்களை அல்ல. உறையைக் கிழிக்கும் முன் ஐந்து பேரின் முகங்களை ஐந்து கட்டங்களில் காட்டுவார்கள். பேர் வந்ததும் நான்கு முகங்கள் சட்டென்று சிரித்துக் கை தட்டும். அந்த ஒரு நொடியைத்தான் எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். தலைமுடியைக் கூடு மாதிரி கட்டிய, கழுத்து மெலிந்த ஒரு பெண் வருஷம் தவறாமல் அந்த ஐந்து பேரில் இருந்தாள், வருஷம் தவறாமல் கை தட்டினாள். அவளுக்குக் குருவி என்று பேர் வைத்தார்கள். குருவியின் சிரிப்பில் ஒரு நூல் பிசிறு கூடக் கிடையாது என்பது நூருல்லாவின் தீர்ப்பு.

விருத்தாம்பாள் அதைக் கற்றுக்கொண்டாள். மறு வருஷம் ஆபீஸ் வாசலில் தன் பேர் வராதபோது, அவள் பேர் வந்தவரைப் பார்த்துச் சிரித்துக் கை தட்டினாள். வரிசையில் இருந்த மற்றவர்களும் ரேடியோ பார்த்தவர்கள் என்பதால் தட்டினார்கள். ராமலிங்கம் இதை ஏதோ போராட்டம் என்று நினைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விஜயகுமாரி போய் விளக்கிச் சொன்ன பிறகு வெளியே வந்தார். அதற்கு மறு வருஷம் அவரே மேசையை வெளியே போடச் சொல்லி, கோட்டு போட்டுக்கொண்டு, உறையைக் கிழிப்பதற்கு முன் ஒரு முறை எல்லோரையும் நிமிர்ந்து பார்த்தார். பேர் வந்தவர்கள் மேசையருகே நின்று இரண்டு வார்த்தை பேசுவது வழக்கமாயிற்று. பாய்லர் பக்கம் வேலை பார்த்த ஒருவர் தன் மாமியார் பேரைச் சொல்லி அழுதது வெகுகாலம் பேசப்பட்டது.

விருத்தாம்பாளின் முகத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்த தறிக்காரர்களும் உண்டு. அவள் அப்படித் தட்டுவாள்: தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் விரிந்து, உள்ளங்கை இரண்டும் சேர்ந்து. அம்சவல்லி மட்டும் தட்டுவதில்லை. தன் பேர் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டு போய்விடுவாள். விருத்தாம்பாள் செய்வது வேஷம் என்று எல்லாரிடமும் சொன்னாள். அது விருத்தாம்பாளுக்கும் போய்ச் சேர்ந்தது.

வேஷம்தானோ என்னவோ, அவளுக்கு வேண்டியது வேஷம் இல்லை. பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். குவார்ட்டர்ஸில் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கும். பகல் முழுக்க ஊர்ப்பட்ட மரங்களுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, முத்தாண்டிக்குப்பத்தில் பொழுது சாய்ந்து கிணற்றில் வரிசை நிற்பவள் அவள். 1966இல் வந்தது அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அந்த வருஷம் தாண்டினால் வயது வரம்பு தாண்டிவிடும். குருவிக்கு வந்தால் தனக்கும் வரும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ஆபீஸ் பகலில் வாசித்துவிடும், குருவிக்கு விளக்கு வைத்த பிறகுதான் தெரியும் என்பதில் அவளுக்கு வருத்தம்.

அன்று வேப்பங்கன்றுகளின் நிழலில் நல்ல கூட்டம். நூருல்லா சைக்கிளை மதில் மேல் சாய்த்திருந்தார். தோட்டப் பிரிவுக்கு ஒரே ஒரு இடம் என்று அறிவிக்கப்பட்டது. ராமலிங்கத்தின் பின்னால் விஜயகுமாரி நின்றாள். பட்டியலை டைப் அடித்தவள் அவள், அதனால் யார் முகத்தையும் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராமலிங்கம் உறையைக் கிழித்து, கோட்டைச் சரி செய்துகொண்டு, “விருத்தாம்பாள், முத்தாண்டிக்குப்பம்” என்று வாசித்தார்.

விருத்தாம்பாள் கை தட்டினாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது, கண் விரிந்தது, சிரிப்பில் ஒரு பிசிறும் இல்லை. கூட்டமும் அவள் முகத்தைப் பார்த்து மெய்மறந்து தட்டியது. ராமலிங்கம் இரண்டாவது முறை வாசித்தார். அவள் இன்னும் பலமாகத் தட்டினாள், யார் மேசைக்குப் போகிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அடுத்த பேருக்குப் போக வேண்டும் என்பது விதி. விஜயகுமாரிக்கு அடுத்த பேர் எது என்று தெரியும், அவள் வாய் திறக்கக்கூடாது என்பதும் விதி. நூருல்லா ஜன்னல் இல்லாத இடத்தில் எங்கே தலையை நீட்டுவது என்று தெரியாமல் சைக்கிள் மணியை அடித்தார். கை தட்டலில் அது கேட்கவில்லை. ராமலிங்கம் மூன்றாவது முறைக்கு வாயைத் திறந்தார்.

அடுத்த பேர் அம்சவல்லி. அது அம்சவல்லிக்கும் தெரியும். மூப்பு வரிசையில் விருத்தாம்பாளுக்கு அடுத்து நிற்பவள் அவள்தான். அவள் பாதி அவிழ்த்த கொண்டையை அப்படியே விட்டுவிட்டு வந்து, விருத்தாம்பாளின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து நிறுத்தினாள். நான்கு வருஷத்தில் அவள் அவளிடம் பேசிய முதல் பேச்சு இது:

“ஒன்னத்தான்டி கூப்புடுறாங்க. கை தட்டிகினு நிக்கிற. போ.”

“என்னையா?”

“ஒன் பேருதான விருத்தாம்பாளு? வேற எவளாவது இருக்காளா இங்க?”

விருத்தாம்பாள் நகரவில்லை. அம்சவல்லி அவளை முதுகில் கை வைத்து மேசை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டாள். பிறகு திரும்பி வந்து தன் இடத்தில் நின்று, தலைமுடி தோளில் தொங்க, கை தட்டினாள். அவளுக்குப் பழக்கமில்லாததால் தாளம் தப்பியது. அன்று வந்திருந்தவர்கள் இப்போதும் சொல்வது அந்தக் கை தட்டலைத்தான்.

மேசையருகே விருத்தாம்பாள் கையெழுத்துப் போட்டாள். தோற்கிற முகம் ஒன்றுதான் அவளிடம் இருந்தது, ஜெயிக்கிற முகத்தை அவள் பழகவே இல்லை. கடைசியில், “கொழாயத் திருவினா தண்ணி வரணும், அவ்ளோதாங்க” என்று மட்டும் சொல்லி ஆர்டரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் படிப்பகத்தில் வெள்ளைச்சாமி தன் நாற்காலியை விருத்தாம்பாளுக்குக் கொடுத்தார். அவள் உட்கார மறுத்து, பழைய இடத்தில் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் அம்சவல்லிக்கும் இடம் விட்டாள். ஐந்து முகங்கள் வந்தன. குருவியும் இருந்தாள். திருச்சி நிலையம் உளுந்து விலையைச் சொன்னது. உறை கிழிந்தது, மேடையில் இருந்தவர் வாயசைத்தார், குருவி சிரித்துக் கை தட்டினாள். இன்னொருத்தி எழுந்து போய் அழுதாள். பெஞ்சில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

விருத்தாம்பாள் மட்டும் முழங்காலில் எழுந்து ரேடியோவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு திரும்பி, “அவ பேரைத்தாங்க கூப்புட்டிருக்காங்க. இத்தினி வருசமும் அவ பேரைத்தான் கூப்புட்டிருப்பாங்க. அவ கை தட்டிகினே இருந்துட்டா. காதுல விழல” என்றாள்.

“அப்ப பொம்மை வாங்குனது யாரு ஆத்தா?” என்றார் வெள்ளைச்சாமி.

“மூணு வாட்டி கூப்புட்டும் வரலைன்னா அடுத்த பேருதான” என்றாள் அம்சவல்லி. “பக்கத்துல நல்லவளா ஒருத்தி இல்ல அவளுக்கு.”

அந்த மண்டபத்தில் வாசிக்கப்பட்ட பேர் எது என்று நெய்வேலியில் ஒருவரும் கேட்டதில்லை. விலைப்பட்டியல்தான் கேட்டிருக்கிறார்கள். ஆகவே விருத்தாம்பாள் சொன்னதை மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை. குருவிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மறு வாரம், புதுக் குவார்ட்டர்ஸில் குழாயைத் திறந்து விட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி விருத்தாம்பாள் சொல்லச் சொல்ல, விஜயகுமாரி ஒரு எழுத்தும் திருத்தாமல் எழுதினாள்.

“குருவிக்கு. நாங்க இங்க எல்லாரும் சொகம். நீ சொகமா. நீ வருசா வருசம் கை தட்டுறத நாங்க பாத்துகினுதான் இருக்கோம். நல்லாத் தட்டுற. ஆனா கேக்காம தட்டுற. எனக்கும் அப்பிடித்தான் ஆவ இருந்துச்சு. அடுத்த வருசம் மொதல்ல பேரக் காதுல வாங்கு, அப்பறம் கையத் தட்டு. பக்கத்து நாற்காலியில ஒக்காந்திருக்கிறவகிட்ட முன்கூட்டியே சொல்லி வையி. அவகூட பேச்சு இல்லன்னாலும் சொல்லி வையி. ஒனக்கு வர்ற வருசம் பர்மனென்ட் ஆவலன்னா இங்க வா, தோட்டத்துல எடம் இருக்கு, அம்சவல்லி கூட நிக்கலாம். மயில்கழுத்து ஒனக்கு எடுப்பா இருக்குதுன்னு பாய் சொல்லச் சொன்னாரு.”

உறையைச் சோற்றுப் பசையால் ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் விருத்தாம்பாள் தகர டப்பாவைத் திறந்து, மடிப்பின் மேல் ஒரு ஜிகினாத் துண்டை வைத்து அழுத்தினாள். அம்சவல்லி அது கோணலாக இருக்கிறது என்று எடுத்து நேராக வைத்தாள். விலாசம்: குருவி, மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி, பேர் கூப்பிடும் மண்டபம்.

தபாலாபீஸில் போஸ்ட்மாஸ்டர் ராயப்பன் உறையைத் தராசில் வைத்து எடை பார்த்தார். எந்த நாடு என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஆண்கள் எல்லாரும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் குளிர் தேசமாகத்தான் இருக்கும், அப்படியானால் கப்பலில் போனால் அடுத்த பங்குனிக்குள் சேராது, ஏர் மெயில்தான் என்று அவரே சொல்லி, அதற்கான தபால்தலையை ஒட்டினார். முத்திரையை ஓங்கியவர், விலாசத்தைப் படித்துவிட்டு நிறுத்தினார்.

“மூணாவது வரிசைன்னு எழுதியிருக்கீங்களே. இந்த வருஷம் அந்தம்மாவ ரெண்டாவது வரிசைக்கு மாத்திட்டாங்க, நீங்க கவனிக்கலையா?”

அவர் பேனாவை எடுத்து, மூன்றாவது என்பதை அடித்து, மேலே இரண்டாவது என்று எழுதினார். முத்திரை குத்தினார். கடிதத்தை விருத்தாசலம் ரயிலுக்குப் போகும் பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு வைத்து, அனுப்பினார்.