வாசலைப் பார்த்த செருப்புகள்

ராஜபாளையத்திலிருந்து வேன் புறப்படும்போதே வெள்ளத்தாய் மகனிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

"பொண்ணு வீட்டுல சப்பான் கதைய எடுக்கக் கூடாது. சரியாலே?"

"எடுக்கலம்மா."

"வணக்கம் சொல்லுதேன்னு இடுப்ப ஒடிக்கவும் கூடாது. நேத்து பஸ்ல கண்டக்டருக்குக் குனிஞ்சிருக்கே. அவரு பாவம், சில்லறை கீழ விழுந்துட்டுன்னு சீட்டுக்கு அடியில தேடுதாரு."

வேனில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சமுத்திரபாண்டியும் சிரித்தான். அவன் மில்லில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். புதிதாக வாங்கிய, நூல் சுற்றும் கோன் வைண்டிங் மெஷினைப் பழகிக்கொண்டு வரச் சொல்லி, மில்லில் அவனை மூன்று மாதம் ஜப்பானுக்கு அனுப்பியிருந்தார்கள். எண்பத்தெட்டாம் வருஷம் அது. திரும்பி வந்தவன் பெட்டியில் பெரிதாக ஒன்றும் கொண்டு வரவில்லை. பழக்கங்களைத்தான் கொண்டு வந்திருந்தான்.

போகும் முன்பே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு போட்டோ வந்திருந்தது. செல்லக்கனி, பி.எஸ்ஸி., டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்த போட்டோ. "நான் வார வரைக்கும் வேற போட்டோ வாங்காதீங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினான். ஜப்பானில் தங்கியிருந்த சின்ன அறையில் ஒரு ஜாடியும் அதில் ஒரே ஒரு பூவும்தான் அலங்காரம். முதல் நாள் அதைப் பார்த்து, 'மீதிப் பூவெல்லாம் எங்கே?' என்று நினைத்தான். போட்டோவைப் பூவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த பிறகு, அந்த அறையில் வேறு எதுவும் தேவைப்படவில்லை.

பெண் வீட்டில் எல்லாம் நன்றாகவே நடந்தது. செல்லக்கனியின் அப்பா ஐயாதுரை இரும்புக்கடை வைத்திருப்பவர். கடை வியாபாரமும் மில் நிலவரமும் பேசினார்கள். கேசரி வந்தது. சமுத்திரபாண்டி வாக்குத் தவறாமல் ஜப்பானைப் பற்றி வாயே திறக்கவில்லை. கையில் கேசரி பிசுபிசுத்ததால் கை கழுவ வாசல் குழாய்க்குப் போனான். அங்கேதான் அந்தக் குவியலைப் பார்த்தான்.

ஒரு வேன் ஆட்களின் செருப்பு. வீட்டு ஆட்களுடையதும் சேர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அம்மாவின் செருப்பில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

ஜப்பானில் அவன் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள், யார் வீட்டுக்குள் வந்தாலும், அவர்கள் உள்ளே போனதும் மண்டியிட்டு அவர்களுடைய செருப்பைத் தெருப்பக்கம் பார்க்கத் திருப்பி வைப்பாள். வெளியே வரும்போது காலை நீட்டினால் போதும். நம்முடைய அடுத்த அடியை யாரோ முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று முதல் தடவை அவன் செருப்பைப் போடாமல் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவனும் அதைச் செய்யப் பழகிவிட்டான்.

இப்போதும் யோசிக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஜோடி ஜோடியாகப் பிரித்து, தெருவைப் பார்க்க வரிசையாக வைத்தான். ஐயாதுரையின் கனமான தோல் செருப்பைத் தூசி தட்டி நடுவில் வைத்தபோது, பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அடி ஆத்தி!"

ஐயாதுரையின் அக்கா பரிபூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவன் கை கழுவிவிட்டு வருவதற்குள் கூடத்தில் பேச்சே நின்றுபோயிருந்தது.

"தம்பிக்குக் கெளம்பணும்னா வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றார் ஐயாதுரை. "பொண்ணு இன்னும் காப்பிகூடக் கொண்டாரல."

"ஐயோ, அது இல்ல மாமா..." அவன் அம்மாவைப் பார்த்தான். வெள்ளத்தாய் நெற்றியில் கை வைத்திருந்தாள். இனி மறைத்து என்ன? நடந்ததைச் சொன்னான்.

"அப்போ சப்பான்ல வீட்டுக்கு வந்தவுடனே, 'போற வழி இந்தா இருக்கு'ன்னு காட்டிருவாவளோ?" என்று பரிபூரணம் கேட்க, கூடமே சிரித்தது.

ஐயாதுரை மட்டும் சிரிக்கவில்லை. "எஞ்செருப்பையுமா தொட்டீரு?"

"ஆமா மாமா."

"மாப்பிள்ளையா வாரவரு பொண்ணப் பெத்தவன் செருப்பத் தொடைக்கதாவது! நாளைக்கு நாலு பேரு, ஐயாதுரை மாப்பிள்ளைய வாசல்ல குத்தவைக்க விட்டான்னு சொல்ல மாட்டாவளா?"

அந்த நேரம் செல்லக்கனி காப்பித் தட்டோடு வந்தாள். போட்டோவில் அடக்கிய சிரிப்பை நேரிலும் அடக்கிக்கொண்டிருந்தாள். அவனிடம் டம்ளரை நீட்டிவிட்டு நகராமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாமாப்பா?"

"கேளும்மா."

அவள் அவனைப் பார்த்துக் கேட்டாள். "வந்தவிய இன்னும் செத்த நேரம் இருக்கணும்னு ஆசைப்பட்டா, அங்க செருப்ப என்ன செய்வாவ?"

அவன் யோசித்தான். "தெரியலியே. மூணு மாசத்துல என்னை இருக்கச் சொல்லி ஆசைப்பட்டவங்க யாரும் இல்ல."

செல்லக்கனிக்கு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவிட்டாள். ஆனால் ஐயாதுரையின் முகம் மாறவில்லை. காப்பி முடிந்ததும் எழுந்து கைகூப்பினார்.

"கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புதோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்தாய் மகன் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள். சமுத்திரபாண்டிக்குக் குனிந்து வணக்கம் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

வாசலில் யாரும் இடித்துக்கொள்ளவில்லை. தேடவில்லை. ஒவ்வொருவர் காலும் நேராகச் செருப்புக்குள் போனது.

"கல்யாணம் காட்சின்னு எங்க போனாலும் எஞ்செருப்ப இப்படிப் பாத்ததில்ல" என்று வெள்ளத்தாய் தன்னை மறந்து சொன்னாள். வழியனுப்ப வந்த ஐயாதுரையும் காலை நீட்டினார். தோல் செருப்பு காத்திருந்தது போல ஏறிக்கொண்டது. அவர் ஒரு கணம் தன் காலையே பார்த்தார்.

சமுத்திரபாண்டி மட்டும் செருப்புப் போடாமல் நின்றான்.

"ஏலே, என்ன?" என்றாள் அம்மா.

வரிசையில் அவனுடைய செருப்பு மட்டும் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

எல்லோர் கண்ணும் அங்கே போனது. பிறகு மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது. அங்கே செல்லக்கனி நின்றிருந்தாள். கையில் வாசல் மண் ஒட்டியிருந்தது.

"ஏட்டி, நீயா?" என்றாள் பரிபூரணம்.

"நான்தான் அத்தை. புறவாசல் வழியா வந்தேன். அவியளுக்குத் தெரியலன்னாவ. எனக்குத் தெரிஞ்சதச் செஞ்சேன்."

ஐயாதுரை மகளைப் பார்த்தார். அந்தச் செருப்பைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீங்க செருப்ப மாத்தி மாத்தித் தொட்டுக்கிடுங்க. ஊரு என்னமும் சொல்லிட்டுப் போகட்டும். மாப்பிள்ளை, உள்ள வாங்க! பூ வச்சுட்டுப் போங்க!"

சமுத்திரபாண்டி அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு செல்லக்கனிக்கு நேராக, இடுப்பு ஒடியும்படி நன்றாகக் குனிந்தான்.

"இந்த ஒரு தடவ போனாப் போவுது" என்றாள் வெள்ளத்தாய்.

எல்லோரும் மறுபடி செருப்பைக் கழற்றி, ஜப்பான்காரர்கள் போல அவரவரே ஒழுங்காகத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். கடைசியாக நின்ற பரிபூரணம், தெருவில் ஹாரன் அடித்த வேன் டிரைவரைக் கையமர்த்தினாள். பிறகு ஒற்றைக் காலால் அத்தனை செருப்பையும் ஒரே தள்ளாகத் தள்ளிக் குவியலாக்கினாள்.

"இப்போ எவன் கெளம்புதான்னு பாக்கேன்" என்றபடி உள்ளே போய், சாப்பாட்டுக்கு இலை நறுக்கச் சொன்னாள்.