நீராகாரத்தில் வைத்த பாட்டில்

ஊசி வழியாக முயலின் ரத்தத்தில் ஏறி இரண்டு நாள் சுற்ற வேண்டிய நீலநிறப் புரதம் பத்தே நிமிடத்தில் காணாமல் போயிருந்தது. முயல் என்னவோ அலட்டிக்கொள்ளாமல் அருகம்புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. செவ்வந்திதான் குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். எழுபத்தெட்டாம் வருஷம் தஞ்சாவூரில் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிய பண்ணையாள் வீட்டுப் பெண் அவள் ஒருத்திதான்.

"வேற பாட்டில மாத்திப் போட்டுட்டீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லேன்னா ஸ்காலர்ஷிப்ப நிறுத்த எழுதிடுவேன்" என்று பேராசிரியர் துரைராசு சொல்லிவிட்டார்.

அந்த நீலநிறப் புரதத்தின் நுனிகளை ஒருவகைச் சர்க்கரை மூடியிருக்கும். மூடி உதிர்ந்தால் போதும், கல்லீரல் செல்களின் மேலிருக்கும் ஏற்பிகள் அதைக் கப்பென்று பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பதிவு இல்லாத குத்தகைக்காரன் கையில் கிடைத்தால் மிராசுதார் சும்மா விடுவாரா, அந்த மாதிரிதான். ஆனால் செவ்வந்தி ஊசி போட்டது மூடி உதிராத புரதம். அதில் யார் கைவைத்தது?

ஆய்வகப் பணியாளர் தங்கையனிடம் கேட்டாள். நீடாமங்கலம் பக்கம் குத்தகைக்கு உழுதவர். பதிவில் பேர் இல்லையென்று நிலத்தைவிட்டு விரட்டப்பட்டு, இங்கே தற்காலிக வேலைக்கு வந்திருந்தார்.

"அறுப்புக் கூலித் தகராறுல அப்பாவப் புடிச்சிட்டாங்கன்னு நீங்க ஜாமீனுக்குப் போனீங்கல்ல? அந்த ரெண்டு நாளும் கரண்டு இல்ல தங்கச்சி. பிரிட்ஜு சூடாயிடுச்சு. என் பானையில நீராகாரம் சில்லுன்னு இருந்துச்சு. பாட்டில அதுக்குள்ள எறக்கிட்டேன்."

செவ்வந்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாட்டிலின் பஞ்சு அடைப்பு நனைந்து, புளித்த நீராகாரத்தின் கிருமிகள் உள்ளே போயிருக்கும். அவை சர்க்கரை மூடியைக் கத்தரித்திருக்கும். சந்தேகம் தீர, புதுப் பாட்டிலை அதேபோல் வைத்து இன்னொரு முயலுக்குப் போட்டாள். அதுவும் பத்து நிமிடத்தில் போயிற்று. உண்மையைச் சொன்னால் அவள் தப்பிப்பாள். தங்கையனுக்கு அன்றோடு வேலை போகும்.

வெள்ளிக்கிழமை அவள் சொன்ன காரணத்தை முழுக்கக் கேட்டுவிட்டுத் துரைராசு கேட்டார்: "நீராகாரத்துல வெச்சது யாரு?"

"நான்தான் சார்."

"அந்த ரெண்டு நாளும் நீங்க லீவுல இருந்தீங்க."

"நான்தான் வெச்சேன் சார்" என்றாள் மறுபடியும். அவர் பேனாவைத் திறந்தார்.

"சரி. தப்ப உங்க பேர்லயே எழுதிடுறேன். ஆறு மாசத்துக்கு ஸ்காலர்ஷிப் கெடையாது."

வெளியே வந்தபோது ஆத்திரமாக வந்தது. துரைராசு மேல், தன் மேல், ஒன்றும் அறியாத தங்கையன் மேலும்கூட. ஆறு மாதம் அம்மாவோடு நடவுக்குப் போக வேண்டியதுதான்.

நடையில் தங்கையன் ஆவலோடு நின்றிருந்தார்.

"நான் மட்டும் அன்னிக்குப் பானையில வெக்கலேன்னா எல்லாம் கெட்டுப்போயிருக்கும்ல தங்கச்சி?"

"ஆமாண்ணே" என்றாள் செவ்வந்தி. "கெட்டுத்தான் போயிருக்கும்."