ஒரே பையில் எல்லா போனும்

எங்கள் குடும்பத் தொழில் லிப்ட் பழுதுபார்ப்பது. முதலாளி என் மாமியார், மெக்கானிக்குகளுக்குத் தலைவர் என் வீட்டுக்காரர், போனுக்கென்றே பிறந்தவள் நான். எங்கே லிப்ட் நின்றாலும் என் காதில்தான் மணி அடிக்கும். யார் சும்மா இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டே தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். நான் சாப்பாட்டில் கை வைத்தால் போதும், எங்கேயாவது ஒருவர் லிப்டுக்குள் மாட்டிக்கொள்வார்.

அதனால்தான் செயலி வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். புகார் நேராக அதற்குப் போகும்; அவரவர் போன் இருக்கும் இடத்தை வைத்து, பக்கத்தில் ஓய்வாக இருக்கும் ஆளை அதுவே அனுப்பும். அத்தை அரைமனதாகத் தலையாட்டினார். ஒரு நாள் ஓட்டிப் பார்ப்போம், சொதப்பினால் பழையபடி நீயும் போனும்தான் என்று சொல்லிவிட்டார்.

காலையிலேயே சொதப்பியது. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரு பெரிய கட்டடத்தில் லிப்டைத் தூக்கும் கம்பிவடம் மாற்றப் போயிருந்தார்கள். அது முன்பே வாயால் பேசி முடித்த வேலை, செயலிக்குத் தெரியாது. அசையாமல் நிற்பவர் சும்மா நிற்பவர் என்பது அதன் கணக்கு. வந்த புகாரையெல்லாம் அவர்கள் தலையில் கட்டியது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. அத்தை ஆபீஸ் போனை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மூக்குக்கு மேல் வந்த கோபத்தோடு அந்தக் கட்டடத்துக்கே போனேன். மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே எல்லோருடைய போன்களும் ஒன்றாக அலறிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் கிரீஸ் கையோடு இறங்கி வந்தார். லிப்ட் ஓடும் குழிக்குள் மேலே இருப்பவர் சட்டைப்பையிலிருந்து போன் நழுவினால் கீழே இருப்பவர் மண்டை உடையும், அதனால் ஏறும் முன் எல்லா போனும் பைக்குள் போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டமாம்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? எடுக்கலன்னு திட்டத்தானே செஞ்ச."

உண்மைதான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செயலி செய்தவர்களிடம் பேசி, மத்தியானத்துக்குள் ஒரு பொத்தான் போட வைத்தேன். பையில் போடும் முன் அதை அழுத்தினால் பெயருக்கு நேரே 'மேலே' என்று வரும். அந்த ஆளுக்குப் புகார் எதுவும் போகாது. இறங்கியதும் இன்னொரு முறை அழுத்த வேண்டும். அதன்பின் புகார்கள் இறங்கி வந்த ஆட்களிடம் மட்டும் போய்ச் சேர்ந்தன. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அத்தை திரையை விட்டு நகரவே இல்லை. குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குள் பயம். என் வீட்டுக்காரர் பெயருக்கு நேரே 'மேலே' மாறி 'இறங்கியாச்சு' என்று வந்ததும், அத்தை பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவன் அப்பா ஏறின காலத்துலேருந்து, இறங்கியாச்சுன்னு எனக்கு யாரும் சொன்னதில்லம்மா," என்றார். "இது இருக்கட்டும்."