உப்பில்லாத முட்டைக்கோஸ்

ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டு டாக்டர் பத்மநாபன் சொன்னார். "இனிமே அம்மாவுக்கு உப்பு போட்டே குடுங்கம்மா. என்ன கேக்கறாங்களோ, குடுங்க."

ஜெயசுந்தரிக்குப் புரிந்துவிட்டது. எட்டு மாதமாக ஒரு சிட்டிகை உப்புகூடக் கூடாதென்று சண்டை போட்டவர் அவர். திரும்பினாள். அப்பா கிதியோன் பின்னாலேயே நின்றிருந்தார். பையை எடுத்துக்கொண்டு மோண்டா மார்க்கெட்டுக்குப் புறப்பட்டார்.

அம்மாவுக்கு இதயம் பலவீனம். உப்பு சேர்ந்தால் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஜெயா வங்கிக்குப் போய்விடுவதால் சமையல் அப்பாவிடம் வந்தது. சனத்நகரில் முப்பது வருடம் லேத்தில் நின்று அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். அதுவரை வெந்நீர்கூட வைத்ததில்லை. முதல் வாரம் அவர் வேகவைத்த பீன்ஸை அம்மா துப்பிவிட்டாள்.

"துணி அலசின தண்ணி மாதிரி இருக்கு."

அப்பா கோபப்படவில்லை. மறுநாள் தண்ணீரைக் குறைத்தார். அதற்கடுத்த நாள் தண்ணீரே விடவில்லை. கத்தரிக்காயைத் தணலில் சுட்டுப் பிசைந்தார். முட்டைக்கோஸை இரும்புச் சட்டியில் பரப்பி, கிளறாமல், ஓரம் சிவக்கும்வரை விட்டுவைத்தால் அதற்கே ஓர் இனிப்பு வருகிறது என்று கண்டுகொண்டார். பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், கொஞ்சம் எலுமிச்சை. தனக்கென்று வேறு வைத்துக்கொள்ளவில்லை. மூன்று பேருக்கும் ஒரே கறி. ஜெயா மட்டும் வங்கியில் சிநேகிதியின் டப்பாவிலிருந்து ஆவக்காய் ஊறுகாய் வாங்கித் தின்பாள்.

அன்றைக்கு அம்மாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்கறியை உப்புப் போட்டுச் செய்தார். அளவு மறந்துபோய் இரண்டு முறை ருசி பார்த்தார். ஜெயா அம்மாவைத் தலையணையில் சாய்த்து, சோற்றில் பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். அம்மாவின் முகம் சுளித்தது.

"என்னது, இப்பிடிக் கரிக்கு?"

"உப்பு போட்டிருக்கேன், ஜூடித். டாக்டர் போடலாம்னுட்டாரு," என்றார் அப்பா, வாசலில் நின்றபடி.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். அவளுக்கு எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.

"அப்பிடியா சொல்லுதாரு," என்றாள். பிறகு, "எனக்கு இது நக்கோ, வேண்டாம். நேத்து வச்ச கோஸ் இருக்கா?"

"தீந்துட்டு."

"அப்ப வச்சிக் கொண்டாங்க. அவசரப்பட்டுக் கிளறிராதீங்க."

அப்பா உள்ளே போனார். அரிவாள்மணையில் கோஸ் நறுக்கும் சத்தம் கேட்டது. அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நல்லாருக்குன்னு அவர்ட்ட ஒரு நாள்கூடச் சொன்னதில்ல, ஜெயா."

"இன்னைக்குச் சொல்லிருங்க."

"ம். கொண்டு வரட்டும்."

கண்களை மூடினாள். மூச்சு இரண்டு முறை இழுத்தது. மூன்றாவதற்கு ஜெயா காத்திருந்தாள். வரவில்லை. அம்மாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அப்பா மண்ணெண்ணெய் அடுப்பின் முன் கைகட்டி நின்றிருந்தார். "இன்னும் ரெண்டு நிமிசம்."

"அப்பா."

அவர் அவளைப் பார்த்தார். குனிந்து திரியை இறக்கினார். சட்டியை இறக்கித் தரையில் வைத்தார்.

"நீங்க வைக்கிற கோஸ் நல்லாருக்குன்னு சொன்னாங்க," என்றாள் ஜெயா.

"தெரியும்ட்டி. தட்ட வழிச்சில்லா வச்சிருப்பா."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் உதட்டோரம் ஒட்டியிருந்த பருக்கையைத் துண்டின் நுனியால் துடைத்தார். தலையணைகளில் ஒன்றை உருவிவிட்டு அவளை நேராகப் படுக்கவைத்தார்.

"பாஸ்டர் ஐயாவுக்கு ஆள் அனுப்பணும்," என்றார்.

ஜெயா செருப்பைத் தேடினாள். அவள் கதவைத் திறந்தபோது அப்பா எழுந்துபோய், வெயில் அம்மாவின் முகத்தில் விழாதபடி ஜன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்திக்கொண்டிருந்தார்.